பாதி முகம் காணாமல் போன வாத்தியார்

"நேற்றுப் பத்து மணிக்கு வாத்தியாரின்ர முகத்தில பாதியை நான் அழிச்சுப்போட்டன், மாமா. மீசையோட சேர்த்து."

பத்து வயதுச் சரோஜினி இதைச் சொன்னபோது அவள் குரலில் வருத்தம் துளியும் இல்லை. வாயில் பிட்டு இருந்தது. கண்ணில் ஒரு பெருமை இருந்தது. இமயமலையை நகர்த்தி வைத்துவிட்டு வந்து கை கழுவியவன்கூட அப்படி நிமிர்ந்து உட்கார மாட்டான்.

"இடப்பக்க மீசை முழுசாப் போச்சுது. கரும்பலகையில மூண்டு எழுத்துப் போச்சுது. கங்காவின்ர ஒரு காதையும் காணேல்லை. பிறகு எல்லாத்தையும் திருப்பிக் குடுத்திட்டன்."

"ஏன் திருப்பிக் குடுத்தனீ?" என்று கேட்டார் அவளுடைய தாய்மாமன் வீரசிங்கம்.

"வாத்தியார் பாவமெல்லோ."

வீரசிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் சுங்கை லிண்டோங் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸர். மருந்து கொடுப்பது அவருடைய உத்தியோகம். பொய்யைப் பிடிப்பது அவருடைய உயிர். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்காரர்கள் வரிசையாக நிற்கும்போது, யாருக்கு உண்மையான நோய், யாருக்குக் கள்ளவருத்தம் என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். ஒருமுறை சுங்கை செம்பிலாங் கடற்கரையில் ஒரு மீன்காரன் மூன்று நாள் மீனை 'இப்போது பிடித்தது' என்று விற்றபோது, இங்கே ஈஜோக் பக்கத்தில் வீரசிங்கம் தும்மினார் என்பது தோட்டத்துப் பேச்சு. அந்தத் தும்மலில் தகரக்கூரையில் இரண்டு ஆணி கழன்றது என்பாரும் உண்டு.

அப்படிப்பட்ட மூக்குக்கு முன்னால்தான் மருமகள் வாத்தியாரின் மீசையை அழித்திருக்கிறாள்.

"புளுகுக்கும் ஒரு அளவு வேணும்!" என்று நாற்காலியில் இருந்தபடி சீறினார் சின்னாச்சி. அவர் சரோஜினியின் அப்பாவுக்கு அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மாதம் தங்கிப் போக வந்தவர். "வெள்ளிக்கிழமை கப்பலில நான் இவளைக் கூட்டிக்கொண்டு போறன். ஊரில நாலு ஆடு மேய்ச்சால் எல்லாற்ற முகமும் முழுசாத் தெரியும்."

சமையலறை வாசலில் சரோஜினியின் அம்மா மங்கையற்கரசி நின்றாள். மகளின் தட்டையும் அண்ணனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சென்ற வாரம் இந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை: சரோஜினி மாதத்தில் மூன்று முறை "தலையிடி" என்று படுக்கிறாள். கதவைச் சாத்து என்கிறாள், வெளிச்சம் வேண்டாம் என்கிறாள், வாந்தி எடுக்கிறாள். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் குதிரைக்குட்டி போல ஓடுகிறாள். போன வியாழக்கிழமை அவள் சத்தி எடுத்த இடம் வாத்தியாரின் வரவுப் பதிவேடு. அதே வியாழக்கிழமைதான் கிள்ளானில் உள்ள பெண்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. ஜனவரியில் ஓர் இடம் இருக்கிறதாம். பிள்ளை சுகமுள்ளவள், உண்மை பேசுகிறவள் என்று தோட்டத்து டிரஸர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம்.

சரோஜினியின் அப்பா தம்பிராஜா தோட்டத்து ஆபீஸின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி. அவர் தீர்ப்பை ஒரே வரியில் எழுதிவிட்டார்: இன்றைக்கு மூன்று மணி லோரி கோலசிலாங்கூருக்குத் தபால் கொண்டு போகும்போது அந்தத் தாளில் மச்சானின் கையெழுத்து இருந்தால் கிள்ளான், இல்லாவிட்டால் அக்காவோடு கப்பல்.

வீரசிங்கம் பதினொரு வருடத்தில் ஒரு பொய்க்காரனுக்கும் கையெழுத்து வைத்ததில்லை.

"பள்ளிக்கூடத்துக்குத்தான் வாறன்," என்றார் எழுந்து. "எல்லாரையும் பார்க்கப்போறன். உன்னையும்."

"நல்லாப் பாருங்கோ மாமா," என்றாள் சரோஜினி. "ஆனால் இண்டைக்கு ஒருத்தரையும் அழிக்க மாட்டன். அது நான் நினைச்ச நேரத்துக்கு வராது."

வீரசிங்கத்தின் மூக்கு அரித்தது. புளுகுகிறவள் 'நினைத்த நேரத்துக்கு வராது' என்று ஏன் தன் பெருமையைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும்?

* * *

பள்ளிக்கூடம் என்பது பால் நிறுக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட அறை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அவர்களில் முப்பத்தேழு பேர் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள். ஒருத்தி கிராணி மகள்.

ஆண்டுக்கு ஒரு நாள் டிரஸர் வந்து ஒவ்வொரு பிள்ளையின் இடப்பக்க விலாவுக்குக் கீழே நான்கு விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். மலேரியாக் காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு அங்கே மண்ணீரல் வீங்கிக் கட்டியாகத் தட்டுப்படும். எத்தனை பிள்ளைக்குக் கட்டி என்ற கணக்கு துரைக்குப் போகும். இன்றைக்கு அந்த நாள். காய்ச்சலுக்குக் கண்ணாடிக் குழல், கட்டிக்கு நான்கு விரல். இந்த இரண்டிலும் சிக்காத வருத்தம் உலகத்தில் கிடையாது என்பதுதான் வீரசிங்கத்தின் வேதம். தோட்டம் முழுவதும் அதே வேதத்தில்தான் நடந்தது.

வாசலிலேயே காளியண்ணன் வாத்தியார் பிடித்துக்கொண்டார். அவருடைய மீசை, இரண்டு பக்கமும் குருவி உட்காரக்கூடிய மீசை.

"ஏனுங்க டிரஸர் ஐயா, இது ஞாயமுங்களா? நேத்து உங்க மருமக சொன்னதுல இருந்து பள்ளிக்கூடமே எம் மூஞ்சியவே பாக்குதுங்க. ஒருத்தன் ஒரு கண்ண மூடிப் பாக்கறான், ஒருத்தி விரல வெச்சு மறைச்சுப் பாக்கறா. வாய்ப்பாடு ஒருத்தருக்கும் ஏறல. இப்ப எல்லாத்துக்கும் தலவலியாம்! கூட்டுச் சதிங்க. எம் மூஞ்சிக்கு எதிரா."

"சதி எண்டால் நான் உடைக்கிறன்," என்றார் வீரசிங்கம். அவர் உடைக்கும் கருவி பெட்டிக்குள் இருந்தது.

முதலில் எல்லாருக்கும் காய்ச்சல் பார்த்து, மண்ணீரலை எண்ணி முடித்தார். பிறகு வகுப்புக்கு முன்னால் நின்று கேட்டார்:

"இந்த மாசத்தில தலைவலி வந்தவங்க கையத் தூக்குங்க."

இருபத்தாறு கைகள் எழுந்தன. எழாத பன்னிரண்டில் நான்கு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் மீசையைத் தடவினார். "பாத்தீங்களா?"

வீரசிங்கம் பெட்டியைத் திறந்து விளக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தப் போத்தலைக் காட்டினால் பாடையில் கிடப்பவன் எழுந்து, மாலையைக் கழற்றிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பால்வெட்டப் போய்விடுவான்.

"தலைவலிக்காரங்களுக்கு ஆளுக்கு ரெண்டு கரண்டி. உண்மையாத் தலைவலி இருக்கிறவங்க மட்டும் கைய அப்படியே வைங்க."

ஒன்பது கைகள் மின்னல் வேகத்தில் விழுந்தன. வீரசிங்கம் மற்றவை விழக் காத்திருந்தார்.

விழவில்லை.

பதினேழு கைகள் அப்படியே நின்றன. ஒரு சின்னப் பையன் மூக்கை மற்றக் கையால் பொத்திக்கொண்டு தூக்கிய கையை விடாமல் இருந்தான்.

பதினொரு வருடத்தில் அந்தப் போத்தலை எதிர்த்து இத்தனை பேர் நின்றதில்லை. வீரசிங்கத்துக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. இவ்வளவு துணிவு கொடுத்து யாரோ பழக்கியிருக்க வேண்டும். அவர் பெரட்டுக்களத்து வழியைக் கையாண்டார்: ஒவ்வொருவராகத் தனியே அழைத்து, மற்றவர் காதில் விழாமல் விசாரிப்பது. சதியென்றால் எல்லாரும் ஒரே கதை சொல்வார்கள். ஒரே கதை சொன்னால் பிடித்துவிடலாம்.

முதல் வந்தவனுக்கு நெற்றியைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி. அடுத்தவளுக்குப் பிடரியில். மூன்றாவதாக வந்தவனுக்கு எங்கே வலி என்று தெரியவில்லை, பசித்தால் வரும். ஒருத்திக்கு இடப்பக்கம் மட்டும். ஒருவனுக்கு வெயிலில் நின்றால். ஒருவனுக்கு அழுத பிறகு.

ஒரு கதையும் இன்னொரு கதையோடு ஒட்டவில்லை.

இவ்வளவு மோசமாக யாரும் சதி செய்ய மாட்டார்களே!

பன்னிரண்டு வயதுக் கங்கா கடைசிக்கு முன்னால் வந்தாள். கேட்பதற்கு முன்னே வாயைத் திறந்து நின்றாள்.

"என்ன?"

"எண்ணெய் ஊத்துங்க ஐயா."

அவர் ஊற்றினார். அவள் கண்ணை இறுக்கி விழுங்கினாள். உடம்பு குலுங்கியது. பிறகு மிக மரியாதையாகக் கேட்டாள்: "இத குடிச்சா நின்னுடுமுங்களா?"

வீரசிங்கம் போத்தலை மூடிப் பெட்டிக்குள் வைத்தார்.

"ஒரு பக்கம் உலக்க போடுற மாதிரி இருக்கும்ங்க. வாந்தி வரும். அம்மாகிட்ட சொன்னேன். வேலைக்குப் போற எனக்கே தலவலிக்க நேரமில்ல, உக்காந்து படிக்கிற கழுதைக்கு என்னடி தலவலின்னு சொல்லிச்சு. அப்புறம் நான் சொல்றதில்லீங்க."

"என்னட்ட ஏன் வரேல்லை?"

"வந்தேனுங்களே! போன மழைக்கு. கண்ணாடிக் குழல வெச்சுப் பாத்துட்டு, காய்ச்சல் இல்ல, ஓடுன்னீங்க."

வீரசிங்கம் தன் தாளைப் பார்த்தார். பதினேழு பேரில் ஆறு பேருக்குக் கட்டி இருந்தது. அவர்களுடைய தலைவலி மலேரியாவோடு வருவதாக இருக்கலாம். மீதி பதினொரு பேருக்குக் கட்டியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. முப்பத்தெட்டில் பதினொன்று. ஆண்டுதோறும் இந்த அறைக்கு வந்து எல்லாருடைய வயிற்றையும் அழுத்தியிருக்கிறார். தலையைப் பற்றி ஒருவரையும் கேட்டதில்லை.

அந்தப் பதினொன்றில் ஒருத்தியை இன்னும் தனியே விசாரிக்கவில்லை.

* * *

சரோஜினியைப் பின்பக்கம் ரப்பர் மரத்தடிக்கு அழைத்துப் போனார். மறுபடியும் விலாவில் விரல் வைத்தார், கட்டி இல்லை. நாக்குக்கு அடியில் குழல், காய்ச்சல் இல்லை.

"இப்ப பகிடி வேண்டாம், பிள்ளை. உண்மை சொன்னால் மாமா அடிக்க மாட்டன். வாத்தியாரின்ர முகத்தை நீ அழிச்சனியோ?"

அவள் செருப்பு நுனியைப் பார்த்தாள். "இல்லை மாமா. அதுவா அழிஞ்சது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்."

"பிறகேன் புளுகினனீ?"

"தலையிடி எண்டால் ஒருத்தரும் நம்பினதில்லை. முகத்தை அழிச்சன் எண்டால் எல்லாரும் கிட்ட வந்திருந்து கேக்கினம்."

வீரசிங்கம் இருமினார். "சரி. எப்பிடி அழிஞ்சது? முதலில இருந்து சொல்லு."

"முதலில நடுவில ஒரு சின்னப் பொட்டு. சூரியனைப் பார்த்திட்டுத் திரும்பினால் வருமே, அப்பிடி. பிறகு அது பெருசாகும். சுற்றிவர வாள் அரத்தின்ர பல்லு மாதிரி மினுங்கி மினுங்கி ஓடும். தகரக்கூரையில வெயில் பட்ட மாதிரி. அதுக்குள்ள என்ன இருந்தாலும் காணாமல் போயிடும். பிறகு மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போய் வெளியில போயிடும். அது போன பிறகுதான் தலையிடி துவங்கும்."

உச்சி வெயிலில் நின்ற வீரசிங்கத்தின் முதுகில் யாரோ ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரைக் கவிழ்த்தது போல இருந்தது.

இந்தக் கதையை அவர் கேட்டிருக்கிறார். கேட்டதில்லை, சொல்லியிருக்கிறார். எட்டு வயதில், மானிப்பாயில். முழுவதையும் கேட்டது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் இந்தப் பிள்ளையின் தாய்.

ஆக, இதுதான் சங்கதி! மங்கை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அண்ணனின் பழைய கதையை மகளின் வாயில் வைத்து, அண்ணனின் கையெழுத்தை வாங்கப் பார்க்கிறாள். மூக்கு அரித்த அரிப்பில் அவர் இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார்.

"அம்மா சொன்னவவோ இதெல்லாம்?"

"அம்மாவுக்கு இது தெரியாது மாமா. தலையிடி எண்டு மட்டும்தான் அம்மாட்டச் சொன்னனான்."

"அந்த மினுக்கம் வந்தால் நீ என்ன செய்வாய்?"

"முந்திக் கண்ணை மூடிப் பார்த்தனான். மூடினாலும் அது போகாது. மூடின கண்ணுக்குள்ளயும் அப்பிடியே ஓடும்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "மாமா, நீங்கள் ஏன் வேர்க்கிறீங்கள்?"

"வெயில்," என்றார் வீரசிங்கம். அவர் நின்ற இடம் நல்ல நிழல்.

* * *

சமையலறையில் மங்கையற்கரசி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்து நின்ற தோரணையைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

"நீதானே சொல்லிக் குடுத்தனீ?"

"எதை அண்ணை?"

"நடிக்காதை. மினுக்கம். அரத்துப் பல்லு. பாதி முகம். மானிப்பாயில நான் உனக்குச் சொன்னது."

அவள் சின்னாச்சி எங்கே என்று முதலில் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மெல்லக் கதையுங்கோ! நான் ஏன் சொல்லப்போறன்? காலையில அவள் மீசை போச்சுது எண்டு சொல்லேக்கை எனக்கு நெஞ்சே நிண்டு போச்சுது. அண்ணைக்கு வந்ததுதான் இவளுக்கும் வந்திருக்கு எண்டு எனக்கு அப்பவே தெரிஞ்சிட்டுது."

"எனக்கு ஒண்டும் வரேல்லை. நான் அண்டைக்குப் பொய் சொன்னனான். பொய் எண்டு அப்பாவிட்ட ஒத்துக்கொண்டனான்."

"அப்பா அடிச்ச அடிக்கு நீங்கள் ராவணன் நான்தான் எண்டும் ஒத்துக்கொண்டிருப்பீங்கள்."

வீரசிங்கம் வாசல் பக்கம் திரும்பினார்.

"ஈரத்துணி நனைச்சு நெத்தியில போட்டது ஆர்? நான். எனக்கு அப்ப ஆறு வயசு. நீங்கள் செத்துப் போறீங்கள் எண்டு அழுதனான். நீங்கள்தானே சொன்னீங்கள், அழாதை தங்கச்சி, கண்ணை மூடினால் அந்த மினுக்கம் போயிடும் எண்டு. அதுக்குப் பிறகுதான் நான் அழுகையை நிப்பாட்டினனான்."

"என்ன சொன்னனான்?"

"கண்ணை மூடினால் போயிடும் எண்டு."

வீரசிங்கம் அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணை மூடினாலும் அது போகவில்லை. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பு, அழுகிற தங்கையைத் தேற்ற அவர் அப்படி மாற்றிச் சொன்னார். உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும். மங்கை சொல்லிக் கொடுத்திருந்தால், பிள்ளை 'மூடினால் போயிடும்' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். மரத்தடியில் அவள் சொன்னது யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாத ஒன்று.

பொய்யைப் பத்தடி தள்ளி நின்று பிடிக்கிற மனிதர், இப்போது மூக்குக்கு நேரே ஓர் உண்மை வந்து நிற்க, என்ன செய்வதென்று தெரியாமல் தேங்காய்ப்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை," என்றாள் மங்கையற்கரசி. அவள் கண் கலங்கியிருந்தது. "கையெழுத்து வையுங்கோ. பிள்ளை படிக்கட்டும். ஆனால் உங்கட கதையை மட்டும் வெளியில விடாதேங்கோ. கலியாணம் பேசேக்கை இந்தச் சின்னாச்சி மச்சாள் எல்லாரையும் விசாரிச்சவ. குடும்பத்தில ஏதும் வருத்தம் உண்டோ எண்டு கேட்டவ. அப்பா இல்லை எண்டு சத்தியம் பண்ணினவர். இப்ப தெரிஞ்சால் வெள்ளிக்கிழமைக் கப்பலில அந்தக் கதையும் ஏறி ஊருக்குப் போயிடும். பன்னிரண்டு வருசமா ஏமாத்தினனீ எண்டு என்னைக் கேப்பினம். நாளைக்குச் சரோவுக்கும் ஒரு இடத்தில பேச வேணும்."

"தலையிடி ஒரு வருத்தமோ? தோட்டத்தில பதினொரு பிள்ளையளுக்கு இருக்கு!"

"நீங்கள்தானே இத்தனை வருசமும் அது வருத்தம் இல்லை எண்டு சொன்னீங்கள்," என்றாள் தங்கை. "இப்ப வருத்தம் எண்டு சொன்னால் பெரிசாத்தான் கேக்கும்."

* * *

ஆபீஸில் தம்பிராஜா தபால் பையைக் கட்டத் தயாராக இருந்தார். லோரி வாசலில் ரப்பர் தகடு ஏற்றிக்கொண்டிருந்தது. சுவரில் மணி இரண்டு நாற்பத்தைந்து.

தம்பிராஜா கை நடுங்காமல் கோடு கிழிக்கிற மனிதர். அவர் கிழித்த கோட்டைப் பார்த்து அளவுகோலே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சொல்வதுண்டு.

"என்ன மச்சான், பிடிச்சீரோ கள்ளத்தை?"

வீரசிங்கம் தாளை மேசையில் வைத்தார். அதில் கையெழுத்து இருந்தது. சுகமுள்ளவள் என்ற வரிக்குக் கீழே, 'மாதத்தில் சில முறை தலையிடி உண்டு. இருட்டறையில் படுத்தால் தீரும்' என்று சேர்த்திருந்தார். உண்மை பேசுகிறவள் என்ற வரிக்குக் கீழே ஒன்றும் சேர்க்கவில்லை. கோடு மட்டும் போட்டிருந்தார், அழுத்தமாக.

தம்பிராஜா இரண்டு முறை படித்தார். "காய்ச்சல் இருந்ததோ?"

"இல்லை."

"கட்டி?"

"இல்லை."

"ரெண்டும் இல்லையெண்டால் வருத்தம் இல்லை. இது உம்முடைய வசனமெல்லோ? போன வருசம் எனக்கு நாரி பிடிச்சு, முதுகு நிமிராமல், நான் எழும்ப மாட்டாமல் கிடக்கேக்கையும் அதைத்தான் சொன்னீர்."

"மச்சான், முப்பத்தெட்டுப் பிள்ளையளில இருபத்தாறு பேருக்கு இந்த மாசம் தலையிடி வந்திருக்கு. கள்ளரைக் கழிச்சும், மலேரியாவைக் கழிச்சும் பதினொரு பேர் மிச்சம். எண்ணினனான்."

"சின்னப் பிள்ளையளுக்கு என்ன தலையிடி? கடனோ, கலியாணமோ?" தம்பிராஜா சிரித்தார்; ஆனால் கண் சிரிக்கவில்லை. "மருமகள் எண்டபடியால் இளகிப் போனீர். உண்மையைச் சொல்லும்."

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. சின்னாச்சி வந்து நின்றார். மருமகளின் பெட்டி கட்டுவதா வேண்டாமா என்று கேட்க வந்தவர், கேட்காமலே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவருக்குப் பின்னால் மங்கையற்கரசி, ஓடி வந்த மூச்சோடு.

"எனக்கொரு சந்தேகம்," என்றார் சின்னாச்சி மெதுவாக. அவர் மெதுவாகப் பேசினால் கிள்ளான் ஆற்று முதலையும் கரையேறிக் கும்பிட்டு நிற்கும். "பெரட்டில சாகக் கிடக்கிறவனையும் நம்பாத டிரஸர், பாதி முகம் போச்சுது எண்ட பிள்ளைக்கு உண்மை பேசுகிறவள் எண்டு கோடு போடுறார். இது எப்பிடி? உங்கட குடும்பத்தில முந்தி ஆருக்கும் இப்பிடி ஏதும் இருந்ததோ?"

லோரிக்காரன் ஹாரன் அடித்தான். இரண்டு முறை.

மங்கையற்கரசி சின்னாச்சியின் தோளுக்கு மேலால் அண்ணனைப் பார்த்து, மிக மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

தம்பிராஜா தாளை உறையில் போடாமல் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். "காரணத்தைச் சொல்லும் மச்சான். சரியான காரணம் எண்டால் இந்த நிமிசமே பையில போடுறன். இல்லையெண்டால் கிழிக்கிறன். உம்முடைய மருமகள் சொன்ன கதையை, எந்த ஆதாரத்தில நீர் நம்பினனீர்?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் தங்கை தப்புவாள். அந்தச் சொல் அவர் நாக்குக்குப் பழகிய சொல்தான். காய்ச்சல் இல்லை. கட்டி இல்லை. வருத்தம் இல்லை. பதினொரு வருடமாக நாளுக்கு நூறு முறை சொன்னது. கங்காவுக்குச் சொன்னது. எட்டு வயதில், முழங்காலில் நின்று, தனக்கே சொல்லிக்கொண்டதும் அதே சொல்தான்.

"ஆதாரம் நான்," என்றார் வீரசிங்கம்.

வெளியே லோரி மறுபடியும் ஹாரன் அடித்தது.

"மானிப்பாயில எனக்கு எட்டு வயசு. கணக்குப் பாடம். சட்டம்பி வாத்தியார் எனக்கு முன்னால நிண்டவர். பாதி முகத்தோட நிண்டவர். அரத்துப் பல்லு மாதிரி ஒரு வெளிச்சம் அந்தப் பாதியைத் திண்டுகொண்டிருந்தது. நான் சொன்னனான், ஒருத்தரும் நம்பேல்லை. அப்பா பூவரசங்கம்பு முறியும் வரைக்கும் அடிச்சார், நான் பொய் எண்டு ஒத்துக்கொண்டன். ஒத்துக்கொண்டதுதான் பொய், மச்சான்."

அவர் தங்கையைப் பார்க்கவில்லை. சின்னாச்சியை நேராகப் பார்த்தார்.

"அது நடந்தது."